கொஞ்சம் அக்கட்ட நகருங்க

“…அதுக்கு எதுக்குங்க கண்ணு மொகத்த இப்பிடி வெச்சுக்கறீங்க? தப்பு வராத மிஷினு ஒலகத்துல ஏதுங்க? நீங்க கொஞ்சம் அக்கட்ட நகருங்க, நான் ஒரே நிமிசத்துல சரி பண்ணிப்போடறேன்.”

சொல்லி முடிப்பதற்குள் அவருடைய முழங்கால் அந்தப் பெண்ணின் நாற்காலியைத் தொட்டுவிட்டது. சக்கரம் வைத்த நாற்காலி. அவள் உட்கார்ந்தபடியே ஓரடி நகர்ந்தாள். அவர் நின்றவாக்கில் குனிந்து அவளுடைய கீபோர்டில் கை வைத்தார். படபடவென்று ஒரு சத்தம். திரையில் இருந்த சிவப்பு எழுத்து போய்விட்டது. “ஆச்சுங்களா? பாருங்க, ஒண்ணுமே இல்ல” என்றார். அந்தப் பெண் “தேங்க்ஸுங்க சார்” என்றாள். அவர் அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டார்.

காந்திபுரத்தில் ஒரு மூன்றாவது மாடியில் இருந்த அந்தப் பயிற்சி நிலையத்தில், லேப் பார்த்துக்கொள்ளும் ஆளாக நான் சேர்ந்த அன்று, முதல் பத்து நிமிடத்துக்குள் பார்த்த காட்சி இது. எவ்வளவு தங்கமான மனுஷன் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக இன்றைக்கும் என்மேல் எனக்குக் கோபம் உண்டு.

அங்கே படிக்க வந்தவர்களில் இன்ஜினியரிங் படித்தவர் ஒருவர்கூடக் கிடையாது. பி.காம்., விலங்கியல், வரலாறு, தமிழ் இலக்கியம் என்று படித்துவிட்டு வந்தவர்கள். ஜவுளிக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவர்கள், எல்.கே.ஜி. டீச்சராக இருந்தவர்கள், கல்யாணமாகிக் குழந்தை நடக்க ஆரம்பித்ததும் கிளம்பி வந்தவர்கள். தாராபுரத்திலிருந்து தினமும் பஸ் பிடித்து வந்து போன ஒருவரும் உண்டு. நாலு மாதத்தில் இவர்களை சாப்ட்வேர் கம்பெனிக்குத் தயார் செய்து அனுப்புவதுதான் நிலையத்தின் வேலை. அதைச் செய்தவர், நாற்காலியை நகர்த்திய அந்த மனுஷர் ஒருவர்தான். எம்.டெக். படித்து, ஏதோ ஒரு கல்லூரியில் வாத்தியாராக இருந்துவிட்டு வந்தவர். எல்லோருக்கும் அவர் ‘சார்’. நானும் சார் என்றே எழுதிக்கொள்கிறேன். பெயரை எழுதக் கை வரவில்லை.

எனக்கு மனிதர்களைப் பிடிக்கும். அவர்கள் போகிற போக்கில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போவார்கள் பாருங்கள், அதை வீட்டுக்கு வந்து ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்வேன். கண்டக்டர் சொன்னது, கறிக்கடையில் கேட்டது, ஆஸ்பத்திரி வரிசையில் யாரோ யாரையோ வைதது, எல்லாம் அதில் இருக்கிறது. சார் சொன்னது என்று அதில் ஒன்றும் இல்லை. சாரைப் பற்றி மற்றவர்கள் சொன்னது மட்டும் நாலு பக்கத்துக்கு இருக்கிறது.

முதலாவது, நிலையத்துக்குக் கீழே டீக்கடை வைத்திருந்த அக்கா சொன்னது. ஒருநாள் காலையில் சார் டீக்கு நின்றிருந்தார். அக்கா ஆற்றுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், கவுண்டருக்கு மேலே கையை நீட்டி, “குடுங்க அம்மணி, ஒசரம் பத்தல” என்று டம்ளரையும் குவளையையும் வாங்கிவிட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். ஒரு முழத்துக்குத் தூக்கி, ஒரு சொட்டு சிந்தாமல் ஆற்றி, நுரை ததும்ப அக்காவிடமே கொடுத்தார். அவர் போன பிறகு அக்கா சொன்னாள்:

“இருவது வருசமா ஆத்தறேனுங்ணா. இவரு ஒருவாட்டி ஆத்திக் காமிச்சாரு, அப்பப் புடிச்சு எனக்குக் கையி ஒதறுது.” அடுப்பைத் தணித்துவிட்டு, “இதுல எனக்குக் கடுப்பு என்னன்னா, அவரு ஆத்துனதுதான் நல்லா இருந்துச்சு” என்றாள்.

அதுதான் பிரச்சினையே. அவர் செய்தது எப்போதும் நன்றாகத்தான் இருந்தது. அரைகுறையாகச் செய்து கெடுக்கிற ஆளாக இருந்திருந்தால் என்றைக்கோ யாராவது கையைத் தட்டிவிட்டிருப்பார்கள்.

பேங்க்குக்கு ஒருமுறை நானும் சாரும் போனோம். அங்கே மேசையில் பெரியவர் ஒருவர் பணம் கட்டும் சீட்டை மெதுவாக, அழகாக எழுதிக்கொண்டிருந்தார். இவருக்குப் பொறுக்கவில்லை. “குடுங்கய்யா, நான் எழுதிக் குடுக்கறேனுங்க” என்று பேனாவை அவர் விரலுக்கு இடையிலிருந்தே எடுத்துக்கொண்டார். எழுதி முடித்ததும் பெரியவர் வாங்கிப் பார்த்துவிட்டு, “நல்லா இருக்குதுங்க தம்பி. இதே பேங்குல நான் முப்பது வருசம் கேஷியருங்க” என்றார். வேறு யாராக இருந்தாலும் நாக்கைக் கடித்துக்கொண்டிருப்பார்கள். சார் சிரித்த முகமாகவே, “அப்பிடீங்களா? அப்ப இன்னுங் கொஞ்சம் வெரசா எழுதிருக்கலாமுங்களே” என்றார்.

கோபிச்செட்டிபாளையம் பக்கத்தில் சார் வீட்டுக்குத் தோட்டம் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போனார். வாழைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த ஆளைப் பார்த்ததும் பேண்ட்டை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு இறங்கி, அவர் கையில் இருந்த மம்பட்டியை வாங்கிவிட்டார். அந்த ஆள் வரப்பில் ஏறி என் பக்கத்தில் வந்து நின்று துண்டால் முகத்தைத் துடைத்தார். “வேல எப்பிடிங்க?” என்று கேட்டேன். “அவுங்க வராத நாளைக்கு வேலைங்க. வந்தா எனக்கு லீவுங்க” என்றார். சிரித்தார். பிறகு குரலை இறக்கி, “எம் பொண்டாட்டி கேக்கறாளுங்க, நீ அந்தத் தோட்டத்துல என்னதான் பண்றேன்னு. எனக்கே தெரியறதில்லீங்க” என்றார். அப்போது அவர் சிரிக்கவில்லை.

இதையெல்லாம் படித்தால் ஏதோ வேடிக்கையான ஆள் என்று தோன்றும். எனக்கும் கொஞ்ச நாள் அப்படித்தான் தோன்றியது. அவரை நான் வெறுக்க ஆரம்பித்தது ‘டெமோ’ நாளில்.

நாலு மாதம் முடிகிறபோது ஒவ்வொருவரும் தானே எழுதிய ஒரு சிறிய சாப்ட்வேரைத் தன் வீட்டார் முன்னால் ஓட்டிக்காட்ட வேண்டும். மருந்துக்கடைக்கு ஒன்று, பள்ளிக்கூட வருகைப் பதிவுக்கு ஒன்று, இப்படி. எல்லாம் எண்ணெய் போட்ட மாதிரி ஓடும். அப்பா அம்மாக்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். ஒருவர் மூன்று மாடிக்கு ஒரு வாழைத்தாரைத் தோளில் சுமந்துகொண்டு ஏறிவந்து, சாரின் மேசைமேல் வைத்துக் கும்பிட்டார். அன்று சாயந்திரம் எல்லா மிஷினையும் அணைத்து வருவதற்காக நான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பி.காம். படித்தவர் எழுதியதும் விலங்கியல் படித்தவர் எழுதியதும் ஒரே மாதிரி இருந்தன. ஒரே இடத்தில் இடைவெளி, ஒரே மாதிரிப் பெயர்கள். பதினான்கு பேர் எழுதிய பரீட்சைப் பேப்பரில் ஒரே கையெழுத்து இருந்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

நான் படித்தது பன்னிரண்டாவது. அதிலும் ஒரு பேப்பர் நின்றுவிட்டது. உக்கடத்தில் ஒரு பிரௌசிங் சென்டரில் கூட்டிப் பெருக்கப் போனவன், அங்கேயே மிஷினைக் கழற்றி மாட்டக் கற்றுக்கொண்டேன். சொல்லிக்கொடுக்க அங்கே ஆள் இல்லை. முதல் மாதம் நான் கெடுத்ததைச் சரிசெய்ய ஓனர் வெளியிலிருந்து ஆள் கூப்பிட வேண்டியிருந்தது. இரண்டாம் மாதம் கூப்பிடவில்லை. எனக்குத் தெரிந்த பாடம் அவ்வளவுதான். அதனால் பதினான்கு பேருடைய தப்பையும் ஒருவரே எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்பது எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

சிலருக்கு வேலை கிடைத்தது. கிடைத்தவர்கள் ஆபீஸிலிருந்து மத்தியானம் இவருக்குப் போன் போடுவார்கள். ஆபீஸ் பாத்ரூமில் நின்றுகொண்டு கிசுகிசுப்பாகப் பேசுவார்கள் போலிருக்கும், தண்ணீர்ச் சத்தம் கேட்கும். இவர் கண்ணை மூடிக்கொண்டு வரிவரியாகச் சொல்லுவார். வைத்துவிட்டு என்னைப் பார்த்து, “நம்ம புள்ளைக யாரும் நம்மள மறக்கறதில்லீங்க” என்பார். அந்த நேரத்தில் அவர் முகத்தில் ஒரு நிறைவு வரும். பிள்ளைகள் திக்கித் திணறுவது அவருக்கு அவ்வளவு இனித்தது. கொஞ்ச மாதத்தில் போன் நின்றுவிடும். பிறகு அந்தப் பையனோ பெண்ணோ வேறு ஏதோ கடையில் பில் போடுவதாக யாராவது சொல்லுவார்கள். “கம்பெனிக்காரங்களுக்குப் பொறுமை இல்லீங்க” என்பார் இவர்.

திட்டுகிற வாத்தியார் என்றால் எதிர்த்து ஒரு வார்த்தை பேசிவிடலாம். இவர் ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை. ‘ங்க’ போடாமல் ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததில்லை. கண்ணு, அம்மணி, தங்கம் என்று சொல்லிச் சொல்லியே எல்லோரையும் நாற்காலியோடு ஓரமாகத் தள்ளி வைத்திருந்தார். நடப்பது மிச்சமாகும் என்று கடைசியில் ஒரு ஏற்பாடும் செய்யச் சொன்னார். அவருடைய கண்ணாடி அறையில் இருந்த மிஷினிலிருந்து லேப்பில் உள்ள எந்தத் திரையையும் பார்க்கலாம், அங்கிருந்தே அதில் எழுதலாம். யாராவது தட்டிக்கொண்டிருக்கும்போதே அம்புக்குறி தானாக நகரும், எழுத்து தானாக அழியும், வேறு எழுத்து வரும். பேய் எழுதுகிற மாதிரி. அதைப் பொருத்திக் கொடுத்தவன் நான்தான். சம்பளம் வாங்குகிறவன், சொன்னதைச் செய்தேன்.

ஸ்டெல்லா அந்தச் சமயத்தில் வந்தவள். போத்தனூர்ப் பெண். பி.ஏ. வரலாறு. ஒரு ஜவுளிக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்துவிட்டு, சேர்த்த பணத்தைக் கட்டி வந்தாள். அவளுக்கு ஒரு அவசரம் இருந்தது. கம்பெனிகள் புதிதாக ஆள் எடுக்கும்போது, படிப்பு முடித்து இத்தனை வருடத்துக்குள் இருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அவளுக்கு அந்த வருடம்தான் கடைசி. அதற்கப்புறம் அவள் விண்ணப்பத்தைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். “இதுல உட்டனா மறுபடியும் சேலைக்கு வெலை அடிக்கப் போக வேண்டியதுதானுங்ணா” என்று முதல் வாரமே என்னிடம் சொல்லியிருந்தாள்.

சரவணம்பட்டியில் ஒரு கம்பெனி அவளை நேரில் கூப்பிட்டது. காலையில் வெள்ளைச் சுடிதாரும் புதுச் செருப்புமாகப் போனவள், மத்தியானமே திரும்பி வந்து லேப்பில் என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

“என்னாச்சு அம்மணி?”

“கேள்வி ஈஸிதாங்ணா. ஒரு மேடம் லேப்டாப்பக் குடுத்து எழுதச் சொன்னாங்க. எழுதிட்டேன். ஓட்டுனேன். செவப்பா வந்துருச்சு. நான்…”

“நீ?”

“நான் நாற்காலிய நகத்திட்டேனுங்ணா.”

எனக்குப் புரியவில்லை.

“அக்கட்ட நகந்து உக்காந்துட்டேன். கைய மடில வெச்சுட்டு. அந்த மேடம் என்னையப் பாக்கறாங்க, நான் அவங்களப் பாக்கறேன். ஒரு நிமிசம் இருக்கும். ‘என்னம்மா ஆச்சு?’ன்னாங்க. நான், ‘வருவாருங்க மேடம்’னு சொன்னேன்.”

“யாரு?”

“அவங்களும் அதையேதானுங்ணா கேட்டாங்க.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டே இருந்தவள் எழுந்து முகம் கழுவப் போய் ரொம்ப நேரம் வரவில்லை.

அந்த மேடம் நல்லவர் போலிருக்கிறது. வாசல் வரைக்கும் வந்து, ‘பத்து நாள் கழித்து இன்னொரு தடவை எழுதிப் பாரு, உன் இடத்திலிருந்தே எழுதலாம், நான் திரையில் பார்த்துக்கொண்டிருப்பேன்’ என்று சொல்லி அனுப்பியிருந்தார். இன்னொரு தடவைதான். மூன்றாவது கிடையாது.

நான் சாரின் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். நாற்காலி நகர்ந்ததை மட்டும் இரண்டு தடவை சொன்னேன். அவருக்கு அது எங்கேயும் உறைக்கவில்லை.

“பாவமுங்க அந்தப் பொண்ணு, பயந்துபோச்சாட்ட இருக்குது. ரெண்டாவது டெஸ்ட்டு இங்கிருந்துதானுங்களே எழுதோணும்? அப்ப நான் பாத்துக்கறேனுங்க.”

“என்னத்தைங்க சார் பாத்துக்குவீங்க?”

அவர் தன் மிஷினைக் கண்ணால் காட்டினார். “முட்டி நிக்கறப்ப ஒரு வரி நான் இங்கிருந்தே போட்டு உட்டர்றனுங்க. மேடத்துக்கு எப்பிடீங்க தெரியும்?”

“ஸ்டெல்லாவுக்குத் தெரியுமுங்களே.”

“அவங்க சந்தோசந்தானுங்க படுவாங்க” என்றார். உண்மையாகவே நம்பிச் சொன்னார். அவரை ஓங்கி அறைய வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அந்த நிமிடத்தில்தான்.

ஸ்டெல்லாவே மறுநாள் என்னிடம் வந்தாள். “அண்ணா, யாரும் வராத எடத்துல எனக்கு ஒரு மிஷின் குடுங்க.” செத்துப்போன யு.பி.எஸ். பேட்டரிகளை அடுக்கி வைத்திருந்த சாமான் அறை ஒன்று இருந்தது. ஜன்னல் கிடையாது. அதில் ஒரு பழைய மிஷினை வைத்துக் கொடுத்தேன். சாரின் திரைக்குத் தெரியாத மிஷின். ஒரே ஒரு நிபந்தனை போட்டேன்: என்னைக் கூப்பிடக்கூடாது. நாற்காலியைக்கூட மாற்றி, சக்கரம் இல்லாத இரும்பு நாற்காலி போட்டேன்.

முதல் இரண்டு நாள் உள்ளேயிருந்து சத்தமே இல்லை. மூன்றாம் நாள் மேசையைக் கையால் அடிக்கிற சத்தம் கேட்டது. நாலாம் நாள் மத்தியானம் கதவைத் திறந்துகொண்டு வேகமாக வந்தாள்.

“அண்ணா, அந்தச் செவப்பு எழுத்து நம்மளத் திட்டறதில்லீங்ணா. எத்தனாவது வரில, என்ன கொறையுதுன்னு அதே சொல்லுதுங்ணா! நாலு மாசமா நான் அதப் படிச்சதே இல்ல. படிக்கறதுக்குள்ள சார் வந்துருவாரு.”

இதை அன்றைக்கே நோட்டில் எழுதி வைத்தேன். கீழே தேதியும் போட்டேன்.

சார் தினமும் கேட்டுக்கொண்டிருந்தார். “ஸ்டெல்லாவக் காணமுங்களே?” நான் காய்ச்சல் என்றேன், போத்தனூரில் யாரோ ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள் என்றேன். ஏழாம் நாள் அவரே சாமான் அறைக் கதவைத் திறந்துவிட்டார். நான் பின்னாலேயே ஓடினேன். திரையில் அடிவரை சிவப்பாக நிறைந்திருந்தது. அதைப் பார்த்த மாத்திரத்தில் அவர் முகம், குழந்தை கீழே விழுந்ததைப் பார்த்த மாதிரி ஆயிற்று. முழங்கால் முன்னால் போயிற்று. இரும்பு நாற்காலி நகரவில்லை. ஸ்டெல்லா இரண்டு கையாலும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, திரையைப் பார்த்தபடியே, “வேண்டாங்க சார்” என்றாள்.

“ஒரே நிமிசமுங்க கண்ணு…”

“வேண்டாங்க சார். போயிருங்க.”

அவர் வெளியே வந்தார். கண் கலங்கியிருந்தது. “நான் என்னங்க தப்புச் செஞ்சேன்?” என்று என்னைக் கேட்டார். பாவம் என்று ஒரு நொடி தோன்றியது. அடுத்த வார்த்தையில் அதையும் கெடுத்துக்கொண்டார். “டெஸ்ட்டு அன்னைக்கு இந்த ரூமு வேண்டாமுங்க. நெட்டு சரியா வராது. லேப்புல மொத மிஷின்ல உக்காரச் சொல்லுங்க.” லேப் மிஷின்கள் எல்லாம் அவருடைய திரைக்குத் தெரிகிறவை. நெட் விஷயத்தில் அவர் சொன்னது நிஜமும்கூட. சாமான் அறையில் வீடியோ பேசினால் முகம் கல் மாதிரி நின்றுவிடும். ஸ்டெல்லா வீட்டிலும் அதே கதைதான். வேறு வழியில்லை.

டெஸ்ட்டு அன்று லேப்பில் வேறு யாரையும் விடவில்லை. பக்கத்தில் இன்னொரு முகம் தெரிந்தால், இன்னொரு குரல் கேட்டால் அந்த இடத்திலேயே ரத்து என்று மேடம் முதலிலேயே சொல்லிவிட்டார். ஸ்டெல்லா தன் திரையை மேடத்துக்குக் காட்டிக்கொண்டு நம் மிஷினிலேயே எழுத வேண்டும். பதினொரு மணிக்கு ஆரம்பம். பத்தே முக்காலுக்கு நான் சாரின் அறைக்குப் போய், அவர் டீ குடிக்கக் கீழே போயிருந்த நேரத்தில், அவர் மிஷினுக்கு நெட் கொண்டுபோகிற நீல வயரைப் பிடுங்கிச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டேன். பிறகு லேப்பின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.

பதினொன்றேகாலுக்கு அவர் வந்தார்.

“என் மிஷினுக்கு நெட்டு வரலீங்களே.”

“நாந்தானுங்க கழட்டுனேன்.”

அவர் என்னைப் பார்த்தார். கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார். ஸ்டெல்லாவின் தோளும் அவள் திரையும் பக்கவாட்டில் தெரிந்தன. சரியாக அந்நேரத்தில் திரையில் சிவப்பு வந்தது.

“பத்தாவது வரிங்க. ஒரு அடைப்புக்குறி உட்டுட்டாங்க. இங்கிருந்தே தெரியுதுங்க.” கதவின் கைப்பிடிக்குக் கை போயிற்று. நான் எழுந்து குறுக்கே நின்றேன்.

“உள்ள போனீங்கன்னா கேமராவுல தெரியுமுங்க. அந்தப் புள்ளைக்கு இந்த வருசத்த உட்டா வேற வருசம் இல்லீங்க சார்.”

“கேமராவுல படாம ஓரமா நின்னு சொல்லிப்போட்டு வாரனுங்க.”

“மைக்கு இருக்குதுங்க.”

“அப்பத் தாள்ல எழுதிக் காட்டறனுங்க.”

“வேண்டாமுங்க.”

அவர் மூச்சு வேகமாயிற்று. ஆனால் குரல் அதே பவ்வியம். “ஏனுங்க, ஒண்ணு கேக்கட்டுங்களா? நீங்க பன்னண்டாவதுதானுங்களே?”

“ஆமாங்க.”

“அதும் பாஸ் ஆகலீங்களாமா?”

“ஒரு பேப்பர் நின்னுபோச்சுங்க.”

“அப்பறம் எப்பிடீங்க, யாருக்கு எப்பக் கை குடுக்கோணும்னு எனக்கு நீங்க சொல்லித்தாறீங்க?”

“அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. கதவத் தொறக்க மாட்டேன், அவ்வளவுதானுங்க.”

உள்ளே ஸ்டெல்லாவின் நாற்காலி அசைந்தது. லேப் நாற்காலிக்குச் சக்கரம் உண்டே. பக்கவாட்டில், சுவர்ப் பக்கமாக, அரை அடி போயிற்று. “பாருங்க, பாருங்க, என்னையத் தேடறாங்க” என்றார் சார். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை நான் என்றைக்கும் மன்னிக்கப் போவதில்லை.

நாற்காலி அங்கேயே நின்றது. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. பிறகு ஸ்டெல்லாவின் கை வந்து மேசை விளிம்பைப் பிடித்தது. இழுத்துக்கொண்டு பழைய இடத்துக்கே வந்தாள். ஆள்காட்டி விரலைத் திரையில் வைத்து, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை வாசிக்கிற மாதிரி, சிவப்பு எழுத்தை ஒவ்வொரு வார்த்தையாகத் தொட்டுக்கொண்டே போனாள். விரல் நின்றது. மேலே ஏறினாள். ஒரு எழுத்துத்தான் தட்டினாள். ஓட்டினாள். சிவப்பு வரவில்லை.

நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். சார் மட்டும் நின்றுகொண்டே இருந்தார்.

அதற்கப்புறம் அரைமணி நேரம் மேடம் கேள்வி கேட்டிருப்பார். வெளியே வந்தபோது ஸ்டெல்லாவின் துப்பட்டா நனைந்திருந்தது. “திங்கக்கெழம வந்து கையெழுத்துப் போடச் சொல்லிட்டாங்கங்ணா” என்றாள். தலையை ஆட்டினேன்.

சார் கைகூப்பினார். “ரொம்பச் சந்தோசமுங்க கண்ணு. நம்ம நெலயத்துக்கே பெருமைங்க.”

ஸ்டெல்லா அவரை நேராகப் பார்த்து, “நானே எழுதுனனுங்க சார்” என்றாள்.

“தெரியுமுங்க. பாத்துக்கிட்டேதானுங்க இருந்தேன்.”

அம்மாவுக்குப் போன் பண்ண அவள் படியில் இறங்கிப் போனாள். அவள் செருப்புச் சத்தம் இரண்டு மாடிக்குக் கேட்டது. நான் பையிலிருந்து நீல வயரை எடுத்து அவரிடம் நீட்டினேன். அதே மாதக் கடைசியில் வேலையையும் விட்டுவிட்டேன், அது வேறு. அவர் வயரை வாங்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய், ஸ்டெல்லா உட்கார்ந்திருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் எழுதியது திரையில் அப்படியே இருந்தது. மேலிருந்து கீழே படித்தார்.

“பதினெட்டு வரி எழுதியிருக்காங்க. ஆறு வரில முடியறதுங்க இது.”

“முடிஞ்சுபோச்சுங்களே சார். வேலையே குடுத்துட்டாங்க.”

“அது செரிங்க” என்றார்.

கடைசி வரியிலிருந்து ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே மேலே போனார். ஆறு வரி எழுதினார். ஓட்டிப் பார்த்தார். அதே விடைதான் வந்தது. ஸ்டெல்லா என்று அவள் பெயர் போட்டு வைத்திருந்த கோப்பிலேயே அதைச் சேமித்துவிட்டு எழுந்தார்.